அணுக்களுக்கு ஞாயிறு விடுமுறை

ஒரு மணி நேரமாக ஆய்வுக்கூடத்தில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. திரையில் பச்சைக் கோடும் நேராகப் படுத்துக் கிடந்தது.

"நேத்து வரைக்கும் நல்லா ஆடிட்டு இருந்துச்சுங்க சார்," என்றாள் ஹாரிகா, நாலாவது தடவையாக.

சென்னையிலிருந்து சோதிக்க வந்திருந்த பேராசிரியர் நஞ்சுண்டன் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு டாக்டர் பட்டம். இல்லையென்றால் மூன்று வருட உழைப்பு மறுபடி முதலிலிருந்து. அதற்குள் அவள் அம்மா ரங்கநாயகி, பீளமேட்டு வீட்டு வாசலில் 'டாக்டர் ஹாரிகா' என்று பித்தளைப் பலகையே மாட்டிவிட்டாள். தெருவே போய்ப் பார்த்து மைசூர்பாகும் தின்றுவிட்டு வந்தது.

விஷயம் இதுதான். கண்ணாடிக் குடுவைக்குள் மிதக்கும் வாயு அணுக்களை லேசரால் சீராக ஆட்ட வேண்டும். இரண்டு ஆட்டத்துக்கு ஒரு முறை மட்டும் அவை அசைந்து கொடுத்தால், அதற்குப் பெயர் காலப் படிகம். ஹாரிகாவின் அணுக்கள் அப்படித்தான் அசைந்தன. லேசரின் பலத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் தாளம் மாறவில்லை, அத்தனை வைராக்கியம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அசையாது. கரண்ட் சரியில்லை என்று அதற்கு அவளே ஒரு காரணம் எழுதி வைத்திருந்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், ஞாயிறு தவிர மற்ற நாளெல்லாம் கேன்டீன் நடத்தும் பழனியாத்தாள் காபி கொண்டுவந்தாள். பெரிய மனிதர் வந்திருக்கிறார் என்று காலையிலிருந்து அவளும் பூனை மாதிரிதான் நடமாடினாள்.

காபி முடிந்தது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நஞ்சுண்டன் எழுந்தார். இன்னொரு நாள் என்றால் அடுத்த வருடம் என்பது ஹாரிகாவுக்குத் தெரியும்.

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவள், இரண்டு நிமிடம் கழித்து நிமிர்ந்து பார்த்தால், பச்சைக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. இரண்டு ஆட்டத்துக்கு ஒன்று, அச்சுப் பிசகாமல்.

செருப்புக்கூட மாட்டாமல் ஓடி, கேட் தாண்டப்போன காரை மறித்து அவரைக் கூட்டிவந்தாள்.

நஞ்சுண்டன் தானே லேசரைக் கூட்டினார், குறைத்தார். கோடு அசரவில்லை. சிரித்தால் வரி கட்ட வேண்டும் என்பதுபோல இருந்தவர் முதல்முறையாகச் சிரித்தார். பேனாவைத் திறந்தார். ஹாரிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பித்தளைப் பலகை தப்பித்தது.

அந்த நேரம் பார்த்து, காலி டம்ளரை எடுக்க உள்ளே வந்தாள் பழனியாத்தாள். முழங்கை வரை உளுந்து மாவு. அவரைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க சார், நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சு கிரைண்டரைப் போட்டுட்டனுங்க. இருங்க, நிறுத்திப்போட்டு வாரேன்."