கையெழுத்து பொருந்தவில்லை

தூத்துக்குடியில் வீட்டிலிருந்தபடியே தொலைதூரத் துறைமுகத்துக் கிரேனை இயக்கும் பிலோமினாவை அன்று கணினி உள்ளே விடவில்லை. உதவி மையத்தில் செலஸ்டின் அழைப்பை எடுத்தான்.

“மூணு தடவ கையெழுத்துப் போட்டுட்டேன், தம்பி. நான் வேற ஆளுங்குது. அங்க கப்பல் காத்துக் கெடக்கு.”

திரையில் போடும் கையெழுத்துதான் கடவுச்சொல். செலஸ்டின் அவளுடைய மூன்று மாதக் கையெழுத்துகளை வரிசையாகத் திறந்து பார்த்தான். வாரத்துக்கு வாரம் எழுத்துகள் சிறுத்து, நடுங்கிக்கொண்டே வந்திருந்தன. அவன் அப்பாவுக்கு வந்த நடுக்குவாத நோயும் இப்படித்தான் தொடங்கியது.

“அக்கா, கம்ப்யூட்டர்ல கோளாறு இல்ல. முதல்ல ஒரு நரம்பு டாக்டரப் பாருங்க.”

பிலோமினா குரலைத் தாழ்த்தினாள்.

“கம்பெனிக்குத் தெரியுமா?”

“இன்னும் தெரியாதுக்கா.”

அவன் அவள் கணக்கின் பூட்டைத் திறக்கவில்லை. கம்பெனிக்குப் போகும் படிவத்தில் காரணம் கேட்ட கட்டத்தில், ‘இணைப்புக் கோளாறு, சரியாக ஒரு வாரம் ஆகும்’ என்று எழுதினான்.