சுருங்கிக் கிடந்த கடல் சாமந்தி

“நான், எங்க அக்கா, எங்க அத்தான், அப்புறம் தொட்டியில அந்தப் பூ. வீட்டுல மொத்தம் நாலு உயிரு. முந்தாநாள் ஒண்ணு குறைஞ்சு போச்சும்மா,” என்றார் வீட்டுப் பெரியவரின் மைத்துனர், துக்கம் விசாரிக்க வந்தவளிடம் சொல்வது போல.

கேட்டுக்கொண்டு நின்றவள் மீன் தொட்டிக் கடையிலிருந்து வந்த பெண். ஒரு கையில் வாளி, தோளில் கருவிப் பை.

வீட்டுப் பெரியவர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலும் சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். கடைக்குப் போன் செய்தது அவர் மனைவி. நம்பரைத் தேடாமலே அழுத்தினாள். வந்தவளுக்குக் கதவைத் திறந்துவிட்டு, சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

“அது பூ இல்ல, பிராணி,” என்று மைத்துனரைத் திருத்தினார் பெரியவர். “கடல் சாமந்தின்னு பேரு. பாறையில ஒட்டிக்கிட்டு வாழும். எங்க பொண்ணு வாங்கி வச்சது. அவ இப்ப இல்ல. பதினோரு வருஷமாச்சு. அதுலேர்ந்து நான்தான் பாத்துக்கறேன்.”

“ம்,” என்றாள் அந்தப் பெண். வாளியைக் கீழே வைத்தாள்.

மைத்துனர் இருமிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“தொட்டியைக் காலி பண்ணி எடுத்துட்டுப் போயிடுங்க. அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தெரியணும். அது எதனால செத்துச்சு? என் கவனிப்புல குறை இருந்துச்சா? மழுப்பாம சொல்லுங்க.”

அவள் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

“உப்பு சரியா இருக்கு. தண்ணி வத்தினா என்ன ஊத்துவீங்க?”

“சுத்தமான நல்ல தண்ணி. உப்புத் தண்ணி ஊத்தக் கூடாது. தண்ணிதான் ஆவியாகும், உப்பு ஆகாது.”

“தீனி?”

“வாரம் ரெண்டு தடவை இறால். சுண்டுவிரல் நகம் அளவு துண்டு.”

“அளவுகோல் வச்சு வெட்டுவாரும்மா,” என்றார் மைத்துனர். “எனக்குன்னு ஒரு நாள் இறால் வாங்கிட்டு வந்திருப்பாரா? கேளு.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். “விளக்கு புதுசா இருக்கே?”

“பத்து நாளாச்சு. பழசு மங்கிடுச்சு. இருக்கறதுலயே பெரிசா பாத்து மாட்டினேன்.”

“முதல் நாளே முழு வெளிச்சமா?”

“ஆமா. அதோட நல்லதுக்குத்தானே?”

“தாங்கியிருக்காது சார். கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். சுருங்கிடுச்சா?”

“சுருங்கி, வெளுத்து, வத்தல் மாதிரி கிடந்தது. மூணு நாள் பாத்தேன். விரியல.”

“நாத்தம் வந்துச்சா?”

பெரியவர் யோசித்தார். “இல்ல.”

“தண்ணி கலங்குச்சா?”

“இல்ல.”

“பாறையை விட்டுத் தானா கழண்டு விழுந்துச்சா?”

“எங்கே?” என்றார் மைத்துனர். “நான்தான் கரண்டியை வச்சு நெம்பி எடுத்துக் குப்பையில வீசினேன். வரவே மாட்டேன்னு கெட்டியா பிடிச்சுக்கிட்டுது.”

அவள் கை அப்படியே நின்றது.

“செத்திருந்தா பிடிச்சுக்காது சார். ஒரே நாள்ல கரைஞ்சு, வீடே நாறிப் போயிருக்கும். ஒத்துக்கலைன்னா இப்படித்தான் சுருண்டுக்கும். விளக்கைக் குறைச்சுட்டு ஒரு வாரம் பொறுத்திருந்தா தானா விரிஞ்சிருக்கும்.” கருவியைப் பைக்குள் வைத்தாள். “செத்துடுச்சுன்னு யாரு முடிவு பண்ணது?”

“இந்த வீட்டுல முடிவு பண்றது ஒரே ஆளுதாம்மா. நானெல்லாம் கரண்டி பிடிக்கிற ஆளு.”

“அப்போ உயிரோட இருந்ததைத்தான்...” என்று தொடங்கினார் பெரியவர். முடிக்கவில்லை. அவர் ஒரு பேச்சைப் பாதியில் விட்டு மைத்துனர் அதுவரை பார்த்ததில்லை.

“பழைய துணி ஏதாவது கிடைக்குமாம்மா?” என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டாள் அந்தப் பெண்.

மனைவி உள்ளே போய், மடிப்புக் கலையாத புதுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். வந்தவள் அதை வாங்கித் தொட்டிக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

“தொட்டி நல்லாத்தான் இருக்கு. எடுக்க வேண்டாமே சார். வேற ஒண்ணு கொண்டு வந்து வைக்கறேன். வாரா வாரம் நானே வந்து பாத்துக்கறேன்.”

பெரியவரின் உதடு அசைந்தது. மனைவி அவர் முகத்தையே பார்த்தாள்.

“சரின்னு சொல்லுங்க அத்தான்,” என்றார் மைத்துனர். அவர் குரலில் வேடிக்கை இல்லை.

“வேண்டாம்,” என்றார் பெரியவர். “இந்த வீட்டை விட்டு ஒண்ணு போனா போனதுதான். நாளைக்கு வேற ஆளை அனுப்பித் தொட்டியை எடுத்துக்கச் சொல்லுங்க.”

அவள் துண்டை மடித்து நாற்காலிக் கையில் வைத்தாள். வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மனைவி வாசலில் நின்று, தெருமுனை திரும்பும்வரை அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே, வெறும் பாறையின் மேல் எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைக்கப் பெரியவர் எழவில்லை.

அவருடைய மகள் வெளியூரில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள் என்று அந்தத் தெருவில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. தொட்டி வைக்க வந்தவனைக் கட்டிக்கொண்டு போன மகளைச் செத்துவிட்டாள் என்று சொன்னவர் பெரியவர்தான். அன்று வாளியோடு படியிறங்கிப் போனவள் அவள்தான்.