ஆறாத் துயரில்

மகன் ஜெஃப்ரினின் கல்லறையிலிருந்து கழற்றிய பளிங்குப் பலகையை வியாகுலம்மாள் ஆட்டோவில் கொண்டுவந்து கிளீட்டஸின் கடையில் இறக்கினாள். மூன்று வருடங்களுக்கு முன் அதில் எழுத்து வெட்டியவன் அவன்தான்.

"இதுல ஒரு பேர அழிச்சுத் தரணும் மக்கா."

கிளீட்டஸ் கடைசி வரியை வாசித்தான். 'ஆறாத் துயரில்: தாய் வியாகுலம்மாள், மனைவி டெல்சி.'

"எந்தப் பேர?"

"டெல்சி பேரத்தான். ஞாயித்துக்கெழமைக்கு முந்தி வேணும்."

"மாமியா மருமவ சண்டைய வீட்டோட வச்சுக்கிடுங்கம்மா. கல்லறைக் கல்லுலயா காட்டுறது?"

"சொன்னதச் செய்யேன்."

"டெல்சிக்கு இது தெரியுமா?"

"தெரிஞ்சா விடமாட்டா."

"அப்ப நான் தொடமாட்டேன். புருசனப் பறிகுடுத்தவ பாவம் பொல்லாது."

வியாகுலம்மாள் சிரித்துவிட்டாள்.

"ஏலே, ஞாயித்துக்கெழம பூசையில அவளுக்குக் கல்யாண ஓலை வாசிக்காவ. மாப்பிள்ள பாத்து, அவளச் சம்மதிக்க வச்சதே நாந்தான். கல்லறைத் திருநாளுக்கு ரெண்டுபேரும் சேந்துதான் அவன் கல்லறையில மெழுகுதிரி கொளுத்த வருவாவ. இத வாசிச்சா அந்தப் பையனுக்கு எப்பிடி இருக்கும்?"

கிளீட்டஸ் உளியை எடுத்தான். டெல்சியின் பெயர்மேல் வைத்தவன் நிமிர்ந்தான்.

"இத எடுத்துட்டா, ஆறாத் துயரத்துல நீங்க மட்டும் தனியா நிப்பீங்களே அம்மா."

வியாகுலம்மாள் 'ஆறாத் துயரில்' என்ற எழுத்துகள்மேல் விரலை வைத்தாள்.

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கவளுக்கு என்ன ஆறாத் துயரம்? அதையும் சேத்து அழிச்சிரு மக்கா."