திங்கட்கிழமைக் கடிகாரம்

கூடத்துக் கடிகாரம் நின்றுபோனதால் கல்யாணராமனும் கோமளமும் மயிலாப்பூரிலிருந்து தி.நகர் கடைக்கு வந்திருந்தார்கள்.

"இது டிஜிட்டல் சார். சாட்டிலைட் சிக்னலைப் பிடிச்சு தானே டைம் வச்சுக்கும். நொடிகூடப் பிசகாது," என்று சிவப்பு எண்கள் ஒளிரும் ஒன்றை எடுத்துக் காட்டினான் விற்பனையாளன் நந்தகுமார்.

திங்கட்கிழமைதோறும் காலை எட்டேகாலுக்கு அடையாறில் கல்யாணராமனுக்கு டயாலிசிஸ். குளித்துக் கிளம்பவே ஏழரை தாண்டிவிடும்; ஆனால் ஏழரைக்கு ராகுகாலம் பிறந்துவிட்டால் வாசற்படி தாண்டமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிற மனிதர் அவர். இரண்டு வருஷமாகக் கோமளம், அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறி, முள்ளை அரைமணி பின்னால் தள்ளித்தான் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

"ஏன்னா, சிவப்பு வெளிச்சம் கண்ணைக் குத்தறதே," என்றாள்.

"நீ செத்த சும்மா இரேன். ஏம்ப்பா, ஆத்துல யாராவது கையால மாத்தினா?"

"யார் கை வச்சாலும் அது பாட்டுக்கு சரியாயிக்கும் சார்."

"நான் குளிச்சுட்டு வரதுக்குள்ள மாத்தினாக்கூடவா?"

கோமளம் சட்டென்று அவரைத் திரும்பிப் பார்த்தாள். குட்டு உடைந்துவிட்டது. இனி இந்த மனிதரை எப்படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது?

"ஒருத்தராலயும் ஏமாத்த முடியாது சார். நான் கியாரண்டி," என்றான் நந்தகுமார்.

கல்யாணராமன் கடிகாரத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அப்போ இது வேண்டாம்ப்பா. முள் வெச்சதா, மாமி கைக்கு அடங்கறாப்பல ஒண்ணு காட்டு. இல்லேன்னா திங்கக்கிழமை நான் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போறது?"