தார்ப்பாய் முடிச்சு

“ரொம்ப இறுக்காதீங்க ஐயா. உள்ள மெத்துனு இருக்குற சாமான்.”

சாமிக்கண்ணு கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “இறுக்கலேன்னா எப்படி நிக்கும் தம்பி? மூட்டைன்னா அதும்பாட்டுக்கு உக்காந்துக்கும். இந்த மாதிரி துணிப்பை குழைஞ்ச சோறு கணக்கா சரியும். இப்பவே பாரு, சைலன்சர் மேல சாஞ்சுக் கெடக்கு. இன்னும் நாலு பள்ளத்துல எறக்குனா பை வெந்து போயிடும்.”

வண்டிக்காரனின் முகம் ஒரு நொடியில் வெளுத்துவிட்டது. பையை அவசரமாக அவிழ்த்து மார்போடு அணைத்துக்கொண்டான்.

“கீழ வையேன் தம்பி, கயித்த ஒதறிக் கட்டலாம்.”

“கீழ வேணாம்.”

சனிக்கிழமை, கம்பெனியில் அரைநாள் வேலை. மூட்டை தூக்கிய உடம்போடு குடிகாடு நிறுத்தத்தில் நின்று நின்று சாமிக்கண்ணுவுக்குக் கால் கடுத்துப் போயிருந்தது. எந்த பஸ்ஸும் நிற்கவில்லை. சிதம்பரம் ஆஸ்பத்திரியில் மகள் இளமதிக்கு விடிகாலையில் ஆண் குழந்தை. கல்யாணமாகி எத்தனையோ கோயில் ஏறி இறங்கிப் பிறந்த பேரன். பொழுது சாய்வதற்குள் அவன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும்.

அப்போதுதான் இந்த வண்டி, அவர் கை காட்டாமலே, தானாக வந்து நின்றது. “சிதம்பரம் பக்கமா? ஏறுங்க.”

பேர் மணவாளன் என்றான். கண் இரண்டும் கோவைப் பழம்.

“பைய வெச்சிக்கிட்டு இந்தப் பாடு எதுக்கு? பஸ்ஸுல போயிருக்கலாமே?”

“இத பஸ்ஸுல ஏத்த மாட்டாங்க.” கொஞ்சம் பொறுத்துக் கேட்டான். “ஐயா, இங்க கோழி எங்கயாச்சும் கெடைக்குமா?”

“கோழியா! பறவைக் காய்ச்சல்னு டிவியில சொன்னாலும் சொன்னான், கடையெல்லாம் சாத்திக் கெடக்கு. என்னா, விருந்தா?”

“வீட்டுல ஆளுங்க வந்திருக்காங்க.”

“அப்ப மீன வாங்கிப் போடு. சப்புக் கொட்டித் திம்பானுங்க.”

“கோழிதான் வேணும். கடலூரு பூரா தேடிட்டேன்.” அவரை ஏற இறங்கப் பார்த்தான். “உங்களுக்கு என்னா வயசு ஐயா?”

“அறுபது தாண்டிடுச்சு. ஏன், பொண்ணு பாக்கப் போறியா?”

அவன் சிரிக்கவில்லை. “வீட்டுல யாரு இருக்காங்க?”

“பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. பொண்ணு ஒருத்திதான், அவளும் கட்டிக்குடுத்தாச்சு.”

“அப்ப சரி” என்றான் மணவாளன். “பை நடுவுல இருக்கட்டும். நீங்க பின்னாடி உக்காந்து, உங்க இடுப்போட சேத்து ஒரு சுத்து சுத்திக் கட்டிக்கிட்டா சரியாது இல்ல?”

நல்ல யோசனைதான். சாமிக்கண்ணு கயிற்றை சீட்டுக்கு அடியில் விட்டு, பையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, தன் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து விலாப்பக்கம் முடிச்சுப் போட்டார்.

“தார்ப்பாய் முடிச்சு தம்பி. லாரி லோடுக்குப் போடுறது. இழுக்க இழுக்க இறுகும். யானை வந்தாலும் அவுக்க முடியாது.”

“அவுராதுதான?”

“என்னா தம்பி, என் கைவேல மேலயே சந்தேகமா!”

வண்டி கிளம்பியது. ஆலப்பாக்கம் தாண்டியதும் சாமிக்கண்ணுவுக்கு வயிற்றில் சில்லென்றது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பை மட்டும் கிணற்றடிக் கல் போலக் குளிர்ந்து கிடந்தது. சட்டை நனைந்துவிட்டது.

“தேவனாம்பட்டினத்து மீனா தம்பி? ஐஸ் வெச்சிருக்கியா?”

பள்ளம் வரும்போதெல்லாம் அவன், “பாத்து, பாத்து” என்று மெல்லச் சொல்லிக்கொண்டான். ‘நம்ம மேல எவ்வளவு கரிசனம்’ என்று சாமிக்கண்ணு நினைத்துக்கொண்டார். அந்தக் கரிசனத்துக்கு எதையாவது திருப்பித் தரத் தோன்றியது.

“பேரன் பொறந்திருக்கான் தம்பி. அதான் ஓடுறேன்.”

வண்டி ஒருமுறை தடுமாறி நேரானது.

“நல்லா அழுவுதா?” என்று கேட்டான் மணவாளன்.

“ஆஸ்பத்திரியே அதிருதாம்!”

புதுச்சத்திரம் அருகே சாலையோர நாய் ஒன்று குரைத்துக்கொண்டு ஓடிவந்தது. பக்கத்தில் வந்து பையை முகர்ந்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

சிதம்பரத்துக்கு முன்பே வண்டி சட்டென்று ஒரு மண்பாதையில் இறங்கியது.

“தம்பி, ஆஸ்பத்திரி நேரா இல்ல போவணும்?”

“ஒரு நிமிஷம் ஐயா. பைய எறக்கிடலாம்.”

தெருக்கோடி வீட்டின் முன்னால் ஆண்கள் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டதும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். தலைவிரி கோலமாக ஒரு கிழவி பையின் மேல் விழுந்தாள்.

“ஏஞ்சாமி! கண்ணத் தொறந்து ஒரு நாளுகூட பாக்கலியே! உன்ன பையில வெச்சா கொண்டாரணும்!”

இத்தனை தூரம் தன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்னவென்று சாமிக்கண்ணுவுக்கு இப்போது புரிந்தது. பதறி இறங்கப் பார்த்தார். கயிறு விடவில்லை. முடிச்சை இழுத்தார். இறுகியது. மறுபடி இழுத்தார். இன்னும் இறுகியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார்.

“மணவாளா, இன்னிக்கு சனிக்கிழமைடா! சனிப்பொணம் தனியாப் போவாது. தொணைக்கு ஒரு உசுர கூடக் கட்டலேன்னா, அங்க ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்குற உம் பொண்டாட்டியயும் சேத்து இழுத்துக்கும். கோழி வாங்கியான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, எங்கடா கோழி?”

மணவாளன் திரும்பிப் பார்க்கவில்லை.

“கோழி கெடைக்கல மாமா” என்றான். “ஆனா, தொணை கட்டித்தான் கொண்டாந்திருக்கேன்.”