வலது கால் லாரி

மேடைக்குப் பின்னால் நின்ற லாரியின் நிழலில் டேனியல் ஒதுங்கியிருந்தபோது போன் மறுபடியும் அடித்தது.

மகள் ஹெலன்தான். நேற்றிலிருந்து அவர் எடுக்கவேயில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு எடுப்பது?

நிலம் குலுங்கி, பின்னாலேயே கடலும் ஏறி வந்து வாரிக்கொண்டு போன அந்தத் தீவுக்கு, மிஷன் ஆஸ்பத்திரிக் குழுவோடு நர்ஸாகப் போயிருக்கிறாள். ஜனங்கள் ஆணியிலும் தகரத்திலும் வெறுங்காலோடு நடக்கிறார்கள், உங்கள் கம்பெனியில் ஷூ கேட்டுப் பாருங்கள் என்றாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சரக்கு அனுப்பும் பொறுப்பு டேனியலுடையது. கேட்டார்.

முதலாளியின் மனம் உடனே இளகிவிட்டது. பேனர் அடிப்பவனுக்கு அந்த நிமிடமே போன் போட்டார். வந்த பேனரில் இடிந்த ஊர் ஒரு மூலையில் இருந்தது. மற்ற இடமெல்லாம் முதலாளியின் பல்.

முதலாளியை மட்டும் சொல்லி என்ன? டேனியல் லேசுப்பட்ட ஆளா! வழியில் திருட்டுப் போகாமலிருக்க, இடது கால் ஷூக்களை ஒரு லாரியிலும் வலது கால் ஷூக்களை இன்னொன்றிலும் ஏற்றுவது கம்பெனி வழக்கம். ஒற்றை ஷூவை எவன் திருடுவான்? தர்மத்துக்குப் போகும் சரக்கையும் அந்த மகா புத்திசாலி அப்படியே பிரித்து ஏற்றிவைத்தார்.

முதல் லாரி கொடியசைப்போடு போனது. இடது கால் ஷூக்கள் மட்டும் விமானமேறித் தீவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இரண்டாவது லாரியை முதலாளி நிறுத்திவைத்துவிட்டார். ஷூ வாங்கும் ஜெர்மன்காரர் வருகிறாராம், அவர் கையால் இன்னொரு கொடியசைப்பு. டேனியல் கெஞ்சிப் பார்த்தார்.

"ரெண்டு வாரம் கழிச்சி போனா இன்னாய்யா? கால் எங்க ஓடிடப் போவுது?"

இன்றைக்கு அந்த இரண்டாவது விழா. சிவப்புக் கம்பளம், முந்திரி, ஜெர்மன்காரருக்கு ஆளுயர மாலை. அண்டா அண்டாவாக பிரியாணி வேறு. பிரியாணி வேகாமல் இந்த ஊரில் யாருடைய இரக்கமும் பொங்காது.

போன் ஓயவில்லை. எடுத்தார். வீடியோவில் ஹெலனின் முகம் வற்றிப்போயிருந்தது. தப்பு என்னுடையதுதான் அம்மா என்று அவர் ஆரம்பித்ததை அவள் காதிலேயே வாங்கவில்லை.

"அத்த வுடுப்பா. இடது எல்லாம் காலியாயிடுச்சி. வலது எப்ப வரும்? கேட்டுக்கினே இருக்காங்க."

சொல்லிக்கொண்டே போனைத் திருப்பினாள். கூடாரத்துக்குள் வரிசையாகக் கட்டில்கள். கட்டிலுக்குக் கட்டில் ஊன்றுகோல் சாத்தியிருந்தது. சில கட்டில்களுக்கு அடியில் ஒரே ஓர் இடது ஷூ. மற்றக் கட்டில்களில், போர்வைக்கு வெளியே ஒற்றை வலது கால் வெறுங்காலாக நீட்டியிருந்தது.

மைக்கில் முதலாளியை அழைத்தார்கள். கைதட்டல் கேட்டது.

டேனியல் லாரியில் ஏறி உட்கார்ந்து, டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னார்.