யார் கையால் சேனை?

"கை கழுவுனீகளா?"

பிரசவ வார்டு வாசலில் நர்ஸ் ரெஜினா மறித்தாள். முழங்கைவரை நனைந்திருந்த வலக்கையைக் காட்டினான் குருநாதன். இடக்கையில் சீனித்தண்ணீர்க் கிண்ணம்.

"இது எதுக்கு?"

"சேனை வைக்க, சிஸ்டர். பொறந்த புள்ள நாக்குல யாரு தொட்டு வைக்கிறாகளோ, அவுக கொணந்தான் வரும்னு எங்க அபிராமத்துப் பக்கம் சொல்லுவாக."

"எடை கம்மியான புள்ள. கண்டதையும் வாயில வச்சு கிருமி போனா தாங்காது. ஆமா, யாரு வைக்கப் போறது? காலையில இருமிக்கிட்டே வந்தாரே, உங்க பெரியப்பா, அவரா?"

"எங்க ஊருல அவரு பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவரையே வெளிய போகச் சொல்லிட்டீக."

"ஆமா, சொன்னேன். அதுக்கு என்ன இப்ப?"

"அந்தத் தைரியம் எம்மகளுக்கு வரணும். நீங்கதான் சேனை வைக்கணும், சிஸ்டர்."

ரெஜினா கிண்ணத்தை வாங்கிச் சீனித்தண்ணீரைக் கொட்டினாள். சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவினாள். குழந்தையைத் தூக்கி, கட்டிலில் இருந்த அவன் மனைவி துர்காதேவியின் மார்போடு சேர்த்தாள். குழந்தை பாலைச் சப்பத் தொடங்கியது.

"சேனை வச்சாச்சுண்ணே" என்றாள்.